கிழங்கான் கடிக்கும் இடம்

எனக்கு அருவருப்பு அவ்வளவு லேசில் வராது. லிஃப்ட் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் நான். லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. அதில் இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் யோக்கியதை தெரியும். மேலே பளிங்குத் தரையும் பூந்தொட்டியும் இருக்கும். கீழே குழியில் தேங்கிப் பச்சையாகிப்போன தண்ணீர், செத்த எலி, யாரோ சுருட்டிப் போட்ட டயப்பர், கதவிடுக்கு வழியாகத் துப்பிய குட்கா எச்சில். அதில் நின்று வேலையை முடித்துவிட்டு, கையைக் கழுவி, அதே கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இன்றைக்கு மீன் கடை இருக்கிற தெருவில் நடக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வாயில் தண்ணீர் ஊறுகிறது. பசியில் ஊறும் தண்ணீர் இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

எல்லாம் என் மகளின் ஐந்தாம் மாத விருந்தில் தொடங்கியது. எங்கள் வழக்கத்தில் ஐந்தாம் மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து, அவள் வாய்க்குப் பிடித்ததை ஆக்கி, இலை போட்டு, மாப்பிள்ளை வீட்டாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். அவள் ஆசைப்பட்டது இலையில் விழாவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். நான் அதை நம்புகிறவன் இல்லை. என் மனைவி நம்புகிறவள். ஒரு வீட்டுக்கு அது போதும்.

மசக்கையில் தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்துத் துரும்பாகிப் போயிருந்த மகள், போனில் தன் அம்மாவிடம் முதல்முறையாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள்.

"அப்பா பிடிச்சிட்டு வருவாரே, கிழங்கான் மீன். அதைக் குழம்பு வெச்சுக் குடும்மா. கடை மீன் வேணாம்."

கிழங்கான் என்பது விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாக, வெள்ளி நிறத்தில், மூக்கு கூராக இருக்கும் மீன். மணல் கரையை ஒட்டி மேயும். முள் குறைவு, வயிற்றுக்கு லேசு. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைவிட நல்ல மீன் இல்லை என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கர்நாடகக் கடற்கரையில் அதற்குக் காணே என்று பெயர். பெங்களூர் ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியே கிடைக்கும், வாங்குகிறவனுக்குத் தெம்பு இருந்தால். ஆனால் மகள் கேட்டது என் கையால் பிடித்தது. கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மறுநாளே சம்பந்தியம்மாவின் போன். மாப்பிள்ளையின் அம்மா தெற்கே கடற்கரை ஊர்க்காரர், கணவர் போன பிறகு தனியாகவே மகனை ஆளாக்கியவர். அதிகம் பேச மாட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிடாதிய. விருந்துல மீன் மட்டும் வேண்டாம். கோழி போதும்."

"ஏம்மா, பொண்ணு ஆசைப்பட்டுக் கேக்குதே?"

"இல்ல அண்ணாச்சி, வேண்டாம்." அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை.

காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன். நிச்சயதார்த்தத்தன்று அவர்கள் பக்கத்து உறவினர் ஒருவர் பெங்களூர் மீனைப் பற்றி, "ஐஸ்ல தவம் கெடந்து, லாரியில தீர்த்த யாத்திரை வந்த மீனு" என்று சொல்லி, பந்தியே சிரித்தது. சம்பந்தியம்மாவும் புன்னகை செய்தது எனக்கு நினைவிருந்தது. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு நம் ஊர் மீன் இளக்காரம், அதனால்தான் வேண்டாம் என்கிறார் என்று முடிவு கட்டினேன். ரோஷம் வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது. கடலிலிருந்து நேராக என் கைக்கு வந்த மீனை அவர் இலையில் வைத்தே தீருவது என்று மச்சானுக்குப் போன் போட்டேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. விவேக் நகரில் தையல் கடை வைத்திருக்கிறான். தூண்டில் முள்ளில் நைலான் நரம்பைக் கட்டுவதில் அவனுக்கு இணை கிடையாது. இரண்டு பேருக்கும் தூண்டில் பைத்தியம். தொடக்கத்தில் எங்கள் பக்கத்து ஏரியில் ராகிக் களியை உருட்டி முள்ளில் குத்திப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஏரியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. மழைக்காலத்தில் நுரை எழும்பி ரோட்டுக்கு வரும். கோடையில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும். அதன் கரையில் கைக்குட்டையை மூக்கில் கட்டாமல் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே தூண்டில் போட்ட ஆட்கள் நாங்கள்.

பிறகு யாரோ சொல்லி அந்தக் கடற்கரை கிடைத்தது. ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கலாம். ஒரு பக்கம் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மடியில் வளைந்து கிடக்கும் மணல். வெளியே கடல் எவ்வளவு ஆடினாலும் உள்ளே அலையே இருக்காது, கரையைத் தொட்டுத் தொட்டுப் போகும். முதல்முறை போனபோது நாங்கள் ஏரிக்காரர் புத்தியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தம் பிடித்துத் தூரமாக வீசினோம். ஒன்றும் கடிக்கவில்லை. மீன் மேய்கிற இடத்தில் நாங்கள் நின்றுகொண்டு, மீன் இல்லாத இடத்துக்கு ஈயக்குண்டை அனுப்பிக்கொண்டிருந்தோம். கரைக்குப் பக்கத்திலேயே மணலில் ஒரு பள்ளம் ஓடும், கிழங்கான் அதில்தான் மூக்கால் கிளறிக்கொண்டு வரும் என்பது போகப் போகப் புரிந்தது. பிறகு ஈர மணலில் நின்றபடி பக்கத்தில் போட்டால் போதும் என்றானது. இரைக்கும் அலைய வேண்டாம். பாறை அடியில் மணலைக் கையால் தோண்டினால் புழு கொத்துக் கொத்தாக வரும். அவ்வளவு கொழுத்த புழுவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த இடத்து மணல் மட்டும் கறுப்பாக இருக்கும். லேசான சேற்று வாடை வரும்.

"இதான் மாமா ஒரிஜினல் கடல் வாசனை" என்பான் மச்சான். நானும் மூச்சை இழுத்து, ஆமாம் என்பேன். ஏரிக்கரையில் பழகிய மூக்குக்கு அது மல்லிகைப் பூவாக இருந்தது. அந்த மூக்கை நம்பித்தான் மகள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பையில் ஐஸ் போட்டு மீனைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் எப்போதும் தண்ணீர் ஏறுகிற வேளையைப் பார்த்துப் போகிறவர்கள். ஏறும் தண்ணீரோடுதான் மீன் கரைக்கு வரும். இந்தமுறை விருந்துக்கு நாள் குறித்தாகிவிட்டதால் நாளும் வேளையும் பார்க்க முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அந்த இடம் ஏமாற்றவில்லை. போட்டதும் கடித்தது. பை பாதி நிறைந்த பிறகு முள் ஒன்று அறுந்தது. புது முள்ளைக் கட்டி, முடிச்சு இறுகுவதற்காக நரம்பை வாயில் வைத்து எச்சில் படுத்தி, மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினேன். தூண்டில்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பிறகு புழு தோண்டலாம் என்று பாறைப் பக்கம் நடந்தேன்.

கடல் அவ்வளவு உள்வாங்கி நான் பார்த்ததில்லை. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பாறையின் அடிப்பகுதி அன்று வெளியே தெரிந்தது. அதன் இடுக்கிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் தலை நுழைகிற அளவு வாய். அதன் மேல் சிப்பிகள் அடையடையாக ஒட்டியிருந்தன, பாசி தாடியாகத் தொங்கியது. நேற்று வைத்த குழாய் இல்லை. குன்றின் மேலே தென்னை மரங்களுக்குப் பின்னால் வரிசையாகத் தங்கும் விடுதிகள் இருந்தன. கடலைப் பார்த்த ஜன்னலுக்குத் தனி வாடகை வாங்குகிற இடங்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் கொடகொடவென்றது. முதலில் சோப்பு நுரை வந்தது. காலை வேளை அல்லவா, மேலே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்புறம் மஞ்சளாக, கட்டிகட்டியாக வந்தது. கரைந்தும் கரையாமலும் காகிதம் வந்தது. பெண்கள் சுருட்டி எறிகிற பஞ்சு ஒன்று வந்து என் கால் பக்கத்து மணலில் ஒதுங்கியது. வெளியே போக அலை இல்லாததால் எல்லாம் அந்தப் பள்ளத்தில் மெதுவாக, அவசரமே இல்லாமல் பரவியது. அதற்குள் வெள்ளி வெள்ளியாக மீன்கள் வந்து முண்டியடித்தன. நான் புழு தோண்டுகிற கறுப்பு மணல் சரியாக அந்தக் குழாயின் வாயிலிருந்து தொடங்கிக் கரை வரை கிடந்தது.

நரம்பு பட்ட நாக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். வயிறு காலியான பிறகும் குமட்டல் நிற்கவில்லை. வாயைக் கொப்பளிக்கலாம் என்று கடலில் கையை வைத்துவிட்டு, கையை உதறினேன். எதில் கொப்பளிப்பது?

மச்சான் ஓடிவந்தான். பார்த்தான். அவனும் ஓரடி பின்வாங்கினான். பிறகு சமாளித்துக்கொண்டான்.

"மாமா, கடல்ல கரைச்ச பெருங்காயம். இவ்ளோ பெரிய கடல்ல இது எம்மாத்திரம்? மஞ்சத்தூள், கல்லுப்பு போட்டு அலசினா எல்லாம் போயிடும். ஹோகலி பிடு மாமா, விட்டுத் தள்ளு."

"வாயை மூடுடா. புள்ளத்தாய்ச்சிக்கு இதையா போடுவ?"

"நம்ம ஏரி மீனைத் தின்னு செத்தா போயிட்டோம்?"

"கொட்டுடான்னா கொட்டு. ஒண்ணு கூட வீட்டுக்கு வரக்கூடாது."

எனக்கு அந்தப் பையைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போனான். கொட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். நான் ஒரு டீக்கடையில் வாளி வாளியாகத் தண்ணீர் கேட்டு வாங்கி, முழங்கை வரை சோப்புப் போட்டேன். ஊர் திரும்பும் வழியெல்லாம் விரல்களை ஒன்றோடொன்று படாமல் விரித்து வைத்திருந்தேன்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. இத்தனை வருடமாக அந்த மீனின் குடலை உருவி, தலையைத் தனியாக எடுத்து வைத்து, புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தவள் என் மனைவி. மகள் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்த மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறவளும் அவள்தான். அவளிடம் எந்த வாயால் சொல்வது? "ஒண்ணும் மாட்டல" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "புள்ள கேட்டது ஒண்ணே ஒண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோழிக்கு மசாலா அரைக்கப் போனாள்.

விருந்தன்று வீடு நிறைந்திருந்தது. மகள் பச்சைப் புடவையில் வந்தாள், கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்தபடியே படியேற்றிக் கூட்டிவந்தார். பிறகு மச்சான் சீர்த்தட்டோடு வந்தான். தாய்மாமன் அல்லவா, புதுச் சட்டை, தட்டில் வளையல், பூ, பழம். கூடவே மூடி போட்ட ஒரு தூக்கு. அதை அவன் மனைவி நேராக அடுக்களைக்குள் கொண்டுபோனாள்.

இலை போட்டார்கள். நடுவில் மகள், ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் சம்பந்தியம்மா. உப்பு, பொரியல், அப்பளம் எல்லாம் வந்த பிறகு மச்சான் தூக்கைத் திறந்தான். முருங்கைக்காயோடு கிழங்கான் குழம்பு. புளியும் மிளகாயும் கொதித்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"தாய்மாமன் சீர்!" என்றான் மச்சான். மகள் சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினாள். என் மனைவி தம்பியைப் பார்த்த பார்வையில் அவனுக்குக் கோயில் கட்டிவிடுவாள் போலிருந்தது. சம்பந்தியம்மாவின் முகம் மட்டும் இறுகியது.

கடையில் வாங்கியிருப்பான் என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். "எங்கடா வாங்கின?" என்று அவன் காதருகில் கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "பொண்ணு சாப்பிடட்டும் மாமா. அப்புறம் பேசிக்கலாம்."

மகள் மீனைப் பிட்டு, முள்ளை ஒதுக்கி, சோற்றோடு சேர்த்து உருட்டினாள். கை வாய்க்குப் போனது. என் கண்ணில் அந்தக் குழாயின் வாய்தான் தெரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொரு கையால் இலையை அப்படியே இழுத்தேன். சோறும் குழம்பும் தரையில் சிதறின.

சாப்பிடுகிற இலையை இழுப்பது எதிரிக்கும் செய்யாத காரியம். அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரியின் இலையை. "ஐயோ, உனக்கென்ன பைத்தியமா!" என்று என் மனைவி கத்தினாள். மாப்பிள்ளை எழுந்துவிட்டார். மகள் கையில் உருண்டையோடு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். பாறை, குழாய், கறுப்பு மணல், நுரை, கட்டி, ஒதுங்கிய பஞ்சு, எதையும் விடவில்லை. பந்தியில் சொல்லக்கூடிய பேச்சு இல்லை அது. சொல்லச் சொல்ல ஒவ்வொருவர் கையும் இலையை விட்டு விலகியது. என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். அவள் ஓங்கரிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது. யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள், அப்படியும் கேட்டது.

"ஏன் மச்சான் இப்படிப் பண்ண?" என்றேன்.

"அக்கா பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டுச்சு. தாய்மாமன் வெறுங்கையோட வரதா? நல்லா அலசித்தான் மாமா செஞ்சோம். எத்தனையோ தண்ணில அலசினோம்." அவன் அழுதுவிட்டான். அடிக்கக் கை வந்தது, ஆனால் எதற்கென்று அடிப்பது.

சம்பந்தியம்மா இப்போது கத்துவார், மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர், என் மகளின் கையிலிருந்த உருண்டையை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, தன் சொம்புத் தண்ணீரால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினார்.

"இதுக்குத்தான் அண்ணாச்சி மீன் வேண்டாம்னு சொன்னேன்" என்றார். "எங்க வீட்டு மாடியில நின்னா கடல் தெரியும். எங்க ஊர்க் கடல்லயும் இதே கதைதான். எது எதுல வந்து விழுதுன்னு நான் நெதம் பாக்கேன். எங்க வீட்டுல மீன் சட்டிய கவுத்து வச்சு வருசக்கணக்காச்சு. வாயும் வயிறுமா இருக்க புள்ளைகிட்ட அதப் போய் எப்படிச் சொல்ல? அப்புறம் அது எதைத் திங்கும்?"

நான் இளக்காரம் என்று நினைத்தது அருவருப்பு. சொன்னால் தாங்க மாட்டாளே என்று நானும் அவரைப் போலத்தான் என் மனைவியிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இரண்டு பேரில் ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தத் தூக்கு எங்கள் வீட்டுப் படி ஏறியிருக்காது. ரோஷப்பட்டு நான் ரயில் ஏறியது யாரிடம் ஜெயிப்பதற்காக என்று யோசித்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சம்பந்தியம்மா தன் இலையை மகள் பக்கம் நகர்த்தி, ரசம் கேட்டார். யாரோ கொண்டுவந்து ஊற்றினார்கள். மகள் சாப்பிடவில்லை. சிந்திக் கிடந்த குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருங்கைக்காய்த் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழங்கான் தலை வாயைத் திறந்தபடி கிடந்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

"நான் ஸ்கூல் படிக்கும்போது கொண்டாருவியே, பரீட்சை முடிஞ்சா, காய்ச்சல் விட்டா, அந்த மீனெல்லாம் எங்க பிடிச்ச?"

வேறு இடம் என்று சொல்லியிருக்கலாம். கொல்லையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. என் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளும் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

"அங்கதாம்மா" என்றேன்.

மகள் ரசம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, கழுவிய கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.